இடக்கண் புலம்

அசையக் கூடாதாம். தாடையை இந்தக் குழியில் பதித்து, நெற்றியை மேலே உள்ள பட்டையில் முட்டக் கொடுத்து, பெரிய வெள்ளைக் கிண்ணம் ஒன்றைப் பக்கவாட்டில் நிறுத்தி அதற்குள் முகத்தை நுழைத்ததுபோல இருக்கும் இந்த இயந்திரத்தின் நடுவில் மினுங்குகிற மஞ்சள் புள்ளியை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். கதவைச் சாத்தியாயிற்று. விளக்கை அணைத்தாயிற்று. வலக்கண்ணில் வெள்ளை வில்லையை ஒட்டி மூடியாயிற்று. கம்பியின் நுனியில் தொங்கும் பொத்தானைக் கையில் கொடுத்தாயிற்று. "ரைட்டு கண்ணு முடிஞ்சிட்டு ஆச்சி, அது பரவால்ல. இனி லெஃப்ட்டு. ஓரத்துல, மேல, கீழ, எங்கனயாவது சின்னதா வெளிச்சம் மின்னும். மின்னுனா அமுக்கணும். மின்னலேன்னா சும்மா இருக்கணும். கண்ணை அங்க இங்க ஓட்டித் தேடக் கூடாது. பாதி வெளிச்சம் யாருக்குமே தெரியாது, மெஷின் அப்படித்தான் மங்க வச்சு மங்க வச்சுப் பாக்கும். அதனால பயப்படாதீய" என்று ரெஜினா சொல்கிறாள். சட்டையில் குத்திய அட்டையில் அந்தப் பெயரைப் படித்தேன். நடுவில் இருப்பதைப் படிப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் டீச்சர், அதில் கடைசி ஒன்பது ஆண்டுகள் பெரிய டீச்சர், இங்கே ஆச்சி. போகட்டும். ஆனால் பாதி யாருக்குமே தெரியாது என்றால் அது என்ன தேர்வு? பாடத்திட்டத்தில் இல்லாத வினாவைக் கேட்டால் எழுத முயன்றவருக்கெல்லாம் கருணை மதிப்பெண் கொடுக்கச் சொல்லி அரசாணையே வரும். விடை இல்லாத வினாவை அமைத்துவிட்டு, விடையளிக்காவிட்டாலும் பயப்படாதே என்று சொல்கிற வினாத்தாளை என் பணிக்காலத்தில் ஒரு தடவைகூட அச்சுக்கு அனுப்பியதில்லை. இவள் என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள். தேற்றுகிறாள் என்றால் வலக்கண்ணிலேயே ஏதோ குறைந்திருக்கிறது. பரவால்ல என்றாளே, அது நாற்பது மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் அம்மாவிடம் நான் சொல்லும் பரவாயில்லை அல்லவா?

இதோ மேலே ஒன்று. அழுத்தினேன். வலப்பக்கம் ஒன்று. அழுத்தினேன். எளிதாகத்தான் இருக்கிறது. கதவுக்கு வெளியே நீளப் பலகையில் பொற்கொடி உட்கார்ந்திருக்கிறாள். என் வண்டிச் சாவி அவளுடைய கைப்பையில் இருக்கிறது. காலையில் ஆட்டோவில் வரும்போதே நிபந்தனையைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "ஏம்மா, சும்மா சண்டை போட வேண்டாம். ஃபீல்டு நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னா சாவியை இந்த ஆஸ்பத்திரி வாசல்லயே உன் கையில தாரேன். நீ வண்டி ஓட்டு, தனியா இரு, நான் வாயே திறக்கலை. குறைஞ்சிருக்குன்னு சொன்னா வண்டியை வித்துட்டு, வீட்டைப் பூட்டிட்டு என்கூட பெருங்குடிக்கு வந்திரணும். சரின்னு சொல்லு." சரி என்று சொன்னேன். என் மகள், நான் வளர்த்த விதம் அப்படி, விதிமுறையை முதலிலேயே அறிவித்துவிட்டுத்தான் தண்டிப்பாள். சென்னைப் பெருங்குடியில் அவள் வீடு பன்னிரண்டாம் தளம். புறா வராமல் இருக்க பால்கனி முழுவதற்கும் நைலான் வலை கட்டியிருக்கிறார்கள். போன கோடையில் இருபது நாள் அந்த வலைக்குப் பின்னால் நின்று, எனக்குத் தெரியாத ஊரைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பார்த்தேன். கீழே இறங்க வேண்டுமென்றால் மின்தூக்கி, மின்தூக்கிக்கு அட்டை, அட்டை மாப்பிள்ளையிடம். பாளையங்கோட்டையில் நான் நினைத்த நேரத்தில் வண்டியை எடுப்பேன். காய்கறிக்குக் காந்தி சந்தை, வாசிக்க மாவட்ட மைய நூலகம், மனம் சரியில்லாவிட்டால் தாமிரபரணிப் பாலம்வரை போய் அங்கேயே திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். நாற்பத்து மூன்று வயதில், வீட்டுக்காரர் போன பின்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி விளையாட்டுத் திடலைப் பூட்டிக்கொண்டு விழுந்து எழுந்து பழகிய வண்டி. யாரும் கற்றுத்தரவில்லை. முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. கீழே ஒன்று மின்னியது, அழுத்திவிட்டேன், கவனம் சிதறினாலும் கட்டைவிரல் விழித்திருக்கிறது. சண்முகவடிவு, இந்தத் தேர்வில் தோற்றால் உனக்கு வீடு இல்லை, தெரு இல்லை. மஞ்சள் புள்ளியைப் பார். புள்ளியை மட்டும் பார்.

ஃபீல்டு. எல்லாரும் ஃபீல்டு ஃபீல்டு என்கிறார்கள். வரவேற்பில் இருந்த பையன், "ஆச்சிக்கு ஃபீல்டு போட்டிருக்கு" என்றான், வயலுக்கு நாற்றுநட ஆள் அனுப்புகிறவன்போல. பார்வைப் புலம் என்று சொல்லுங்களேன், அழகாக இருக்கிறதே என்றேன் ரெஜினாவிடம். "அப்படிச் சொன்னா எங்க டாக்டருக்கே தெரியாது ஆச்சி" என்று சிரித்தாள். எத்தனை இடத்தில்தான் இந்த ஒற்றைச் சொல் வந்து வழியை மறித்துக்கொண்டு நிற்கும்? பதினோராம் வகுப்புவரை தமிழில் படித்தவள் நான். காந்தப்புலம், மின்புலம், ஈர்ப்புப்புலம் என்று கண்ணை மூடிக்கொண்டு வரையறை சொல்லுவேன். கல்லூரியில் காலடி வைத்த முதல் வாரத்தில் இயற்பியல் விரிவுரையாளர் ஒரு காந்தச் சட்டத்தைக் கையில் தூக்கிக் காட்டி, அதைச் சுற்றி இருப்பது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டு, தானே ஃபீல்டு என்று விடையும் சொல்லி, அதற்கு என்ன பொருள் என்று முதல் வரிசையில் இருந்த என்னை எழுப்பினார். நான் அறிந்த ஃபீல்டு ஒன்றுதான், ஆறாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் உழவன் நின்ற ஃபீல்டு. வயல் என்றேன். கான்வென்டில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் எங்கேயோ இடப்பக்கத்துக் காதில் இருக்கிறது. விரிவுரையாளர் சிரிக்கவில்லை, அதுதான் அதைவிட மோசம், "தமிழ் மீடியமா? உக்காரு" என்றார். அன்றைக்கு விடுதிக்குப் போகிற வழியெல்லாம், காந்தத்தின் மேல் தாளை வைத்து இரும்புத்தூளைத் தூவினால் அது வரிவரியாக நிற்குமே, அது உழவுசாலைப் போலத்தானே நிற்கிறது, அதில் என்ன தப்பு என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டு நடந்தேன். மூன்று ஆண்டு வாதாடினேன். பிறகு வேலைக்கு வந்து, என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் அப்படி உட்கார வேண்டிய நிலை வரக்கூடாது என்று ஒவ்வொரு துறைக்கும் உரிய தமிழ்ச்சொல்லைத் தேடித்தேடிக் கொடுத்தேன். இயற்பியலில் புலம், கணக்கில் களம், ஓட்டப்பந்தயத்துக்குத் தடமும் களமும், உத்தியோகத்துக்குத் துறை, உழவனுக்கு வயல். ஆங்கிலக்காரர்களுக்குச் சொல் பஞ்சம், ஒரே சட்டையை எல்லாப் பிள்ளைக்கும் மாட்டி அனுப்புகிறார்கள். நமக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை என்று மார்தட்டுவேன். தமிழாசிரியை ஒருத்தி மட்டும் ஒருநாள் ஓய்வறையில், "டீச்சர், பழைய தமிழ்ல புலம்னாலே விளைநிலந்தான், நீங்க காலேஜ்ல சொன்னது சரிதான்" என்றாள். மகிழ்ந்திருக்க வேண்டும். மாறாக எரிச்சல்தான் வந்தது. தப்பென்று நினைத்து இத்தனை காலம் வேலி கட்டியவளுக்கு, வேலியே வேண்டாம் என்றால்?

மின்னியதா? இல்லை. புள்ளி, புள்ளி. என் வீட்டுக்காரருக்கும் ஃபீல்டுதான். நில அளவைத் துறையில் இருந்தார். ஆறுமுகநயினார் சர்வேயர் என்றால் மூன்று தாலுகாவிலும் தெரியும். காலை ஆறு மணிக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, "ஃபீல்டுக்குப் போறேன், மத்தியானத்துக்குப் பாக்காத" என்று கிளம்புவார். புலப்படம், புல எண் என்று பத்திரத்தில் தமிழாக எழுதுகிற மனிதர் வாயால் மட்டும் சொல்ல மாட்டார். ஏன் என்று கேட்டால், "புலத்துக்குப் போறேன்னு சொன்னா சங்கிலி புடிக்கிறவன் நான் புத்தி பேதலிச்சிட்டேன்னு நினைப்பான்" என்பார். என் தம்பி குத்தாலிங்கத்துக்கு இன்னொரு ஃபீல்டு. சென்னையில் பதினெட்டு ஆண்டு, கூட்டத்தில் நிற்பது, கதாநாயகனிடம் ஓர் அறை வாங்குவது, ஒரு படத்தில் தபால்காரனாக இரண்டு வசனம். பொங்கலுக்கு வந்தால், "ஃபீல்டுல எல்லாவனுக்கும் நம்மளைத் தெரியும்க்கா" என்பான். கடைசியில் பெட்டியோடு வந்து இறங்கினபோது தேநீர்க்கடையில் எவனோ, "அண்ணாச்சி ஃபீல்டு அவுட்டுல்லா?" என்று அவன் காதுபடக் கேட்டுவிட்டான். அன்றிலிருந்து அந்தக் கடைப்பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவான், சாகும்வரை. ஃபீல்டு அவுட்டு. எல்லைக் கல்லுக்கு வெளியே. மாப்பிள்ளை ராஜ்மோகனுக்கு ஐடி ஃபீல்டு. அந்த ஃபீல்டுக்குள்ளும் ஃபீல்டு உண்டு. ஓய்வூதியத்துக்கு நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஆண்டுதோறும் இணையத்தில் பதியவேண்டிய படிவத்தை அவர்தான் நிரப்பித் தந்தார். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்ட ஒரு கட்டத்தில் நான் நின்றுவிட்டேன். உடன் வசிப்பவர் பெயராம். யாரும் இல்லை, வெறுமையாக விடுங்கள் என்றேன். "விட முடியாது அத்தை, அது மேண்டேட்டரி ஃபீல்டு. எதையாவது போட்டாத்தான் அடுத்த பக்கம் போகும்" என்றார். யாருமில்லை என்பது ஒரு விடை ஆகாதா என்று கேட்டேன். அவர் மரியாதையானவர், சிரிக்கவில்லை, தம் பெயரைத் தட்டெழுதினார். பக்கம் நகர்ந்தது. நான் உயிரோடு இருப்பது ஏற்கப்பட்டது.

ஓசை. இப்போதுதான் கவனிக்கிறேன், ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் முன்னால் கிண்ணத்துக்குப் பின்புறம் ஏதோ ஒரு சக்கரம் நகர்கிறது, பல்லி நாக்கை மடித்ததுபோல் ஒரு சின்ன ஓசை. ஓசை, பிறகு வெளிச்சம். ஓசை, வெளிச்சம். ஓசை — ஒன்றும் இல்லை. ஓசை — ஒன்றும் இல்லை. அப்படியானால் மின்னியிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. எந்தப் பக்கம்? மஞ்சள் புள்ளியிலிருந்து கண்ணை ஒரு நெல்மணி அளவு இடப்பக்கம் நகர்த்தினேன், "ஆச்சி, தேடாதீய, நேராப் பாருங்க" என்று ரெஜினாவின் குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. இருட்டில் உட்கார்ந்துகொண்டு என் கண்மணியைத் திரையில் பார்க்கிறாள்! தேர்வுக்கூடத்தில் பின்வரிசையில் நின்று கண்காணிக்கும் முறை. பிள்ளைகள் தங்களை யார் பார்க்கிறார்கள் என்று அறியாமல் இருக்க வேண்டும், நான்தான் எங்கள் பள்ளியில் அதைக் கொண்டுவந்தேன். கழுத்து வலிக்கிறது. தாடையில் வியர்வை. கண்ணைச் சிமிட்டினால் அந்த நொடியில் ஒரு வெளிச்சம் போய்விடும், ஒரு மதிப்பெண் போய்விடும். ஓசை — ஒன்றும் இல்லை. எத்தனை விட்டுவிட்டேன்? வரிசையாக விடுகிறேனே. பொதுத்தேர்வுக்கு முந்தைய நாள் பிள்ளைகளை மரத்தடியில் நிறுத்திவைத்துச் சொல்லுவேன்: எந்த வினாவையும் வெறுமையாக விடாதே. தெரியாவிட்டாலும் எண்ணைப் போட்டு, தெரிந்த இரண்டு வரியை எழுதி வை. திருத்துபவர் வெறும் தாளுக்கு மதிப்பெண் போட முடியாது, எழுதிய தாளுக்குப் போடாமல் இருக்க மனம் வராது. அப்படித்தான் ஆண்டுக்கு நூறு பிள்ளைகளைக் கரையேற்றினேன். ஓசை. அழுத்தினேன். வெளிச்சம் வந்ததோ இல்லையோ, அழுத்தினேன். ஓசை. அழுத்தினேன். என்ன எளிது! ஓசையைப் பிடித்துக்கொண்டால் கண்ணே வேண்டாம். இந்தச் சந்தத்தில் என் விரலுக்கு ஒரு தவறும் நேராது, தாளம் தப்பாமல் வாய்ப்பாடு சொல்ல வைத்தவள் அல்லவா? ஓசை, அழுத்து. பாலம், அழுத்து. நூலகம், அழுத்து. என் வீட்டு வாசல், என் சமையல்கட்டு, என் திறவுகோல், அழுத்து, அழுத்து. பொற்கொடி, நீ எழுந்து நில். ஆஸ்பத்திரி வாசலிலேயே தருவதாகச் சொன்னாய்.

ஆனால் இந்தக் கிண்ணம் முழுவதும் வெள்ளையாகத்தானே தெரிகிறது. இடப்பக்கம் கறுத்திருந்தால், கிழிந்திருந்தால், புகைபடிந்திருந்தால் குறை என்று ஒப்புக்கொள்வேன். ஒரு குறையும் இல்லை, சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஒரே வெள்ளை. அன்றைக்குத் தெருவும் அப்படித்தான் இருந்தது. சந்தை முக்கில் இடப்பக்கம் திரும்பினேன். சைகை விளக்கைப் போட்டேன், வேகத்தைக் குறைத்தேன், விதிப்படி தலையைத் திருப்பி இடப்பக்கம் பார்த்தேன். தெரு இருந்தது, பழக்கடை இருந்தது, வெயில் இருந்தது, வேறு ஒருவரும் இல்லை. திரும்பினேன். அடுத்த நொடி மீன் சுமந்த அலுமினியச் சருவம் உருண்டது, சாளை மீன் தார்ச்சாலையில் சிதறியது, இசக்கியம்மாள் கையை ஊன்றி விழுந்து கிடந்தாள். என் வீட்டுக்கு வாரம் இரண்டு தடவை மீன் கொண்டுவருகிறவள். "ஏ டீச்சரம்மா! என்னையப் பாத்துக்கிட்டேதான வந்தீய! நேருக்கு நேரா மூஞ்சியப் பாத்தீய! நானும் டீச்சர் பாத்துட்டாவன்னு நம்பி நடக்கேன், கண்ணு என்ன பிடதியிலயா இருக்கு?" கூட்டம் கூடிவிட்டது. நான் சொன்னேன், நல்ல தமிழில், உரத்த குரலில், நீ தவறான பக்கத்தில் திடீரென்று குறுக்கே வந்தாய் என்று. பெரிய டீச்சர் சொன்னால் கூட்டம் நம்பும். பழக்கடைக்காரன், "டீச்சர் சொல்லுதது சரிதான், நீதாம்ளா பராக்குப் பாத்துட்டு வந்த" என்றான். பொற்கொடியிடமும் அதையே சொன்னேன். பொய் இல்லை, நான் நம்பியதைத்தான் சொன்னேன். அவள் எங்கிருந்தோ முளைத்தாள் என்றுதானே எனக்குத் தெரிந்தது. இசக்கியம்மாளின் மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஒற்றைக் கையால் சருவத்தைத் தலைக்கு ஏற்ற முடியாமல் சந்தைக்குள்ளேயே உட்கார்ந்து விற்கிறாளாம். மூஞ்சியப் பாத்தீய. ஓசை, அழுத்து. நேருக்கு நேரா. ஓசை, அழுத்து. அவர் ஒரு தடவை சொன்னார், பக்கத்து நிலக்காரன் எல்லைக் கல்லை ஆண்டுக்கு ஒரு சாணாக நகர்த்திப் புதைப்பான், நிலத்துக்காரன் தினமும் வரப்பில் நடப்பான், தன் நிலம் முழுதாகத்தான் இருக்கிறதென்று கோயிலில் சத்தியம்கூடச் செய்வான், சங்கிலியைப் போட்டு அளந்தால்தான் முகம் வெளிறிப் போகும். அளக்க வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினவன்கூட உண்டு வடிவு என்றார்.

விளக்கு எரிகிறது. முடிந்துவிட்டது. தாடையை எடுக்கலாமாம், எடுத்தால் குழியின் விளிம்பு தாடையிலேயே பதிந்திருக்கிறது, விரலால் தடவிக்கொள்கிறேன். ரெஜினா திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறாள். "ஆச்சி, இது செல்லாது." எது செல்லாது? "லெஃப்ட்டு கண்ணு செல்லாது. மெஷின் நடுநடுவே வெளிச்சத்தைக் காட்டாம சத்தத்தை மட்டும் போட்டுப் பாக்கும். நீங்க அதுக்கெல்லாம் அமுக்கியிருக்கீய. இல்லாத வெளிச்சத்தையெல்லாம் பாத்திருக்கீய!" சிரிக்கிறாள். கேலி இல்லாத சிரிப்பு, அதைத்தான் தாங்க முடியவில்லை. பொறி வைத்திருக்கிறார்கள். பார்த்து எழுதுகிறவளைப் பிடிக்க வரிசைக்கு ஒரு வினாத்தாளை மாற்றிக் கொடுப்போமே, அந்தப் பொறி. கதவு திறந்து பொற்கொடி தலையை நீட்டுகிறாள். "என்னாச்சு சிஸ்டர்?" "ஒண்ணுமில்லக்கா, திரும்ப எடுக்கணும். டீச்சர்மாருக்கே இது வழக்கந்தான். போன வாரம் ஒரு ஹெட்மாஸ்டர் சார், விடாம அமுக்கி அமுக்கிப் பட்டனையே பேத்துட்டாரு. நூத்துக்கு நூறு வாங்காம எந்திரிக்க மாட்டாவ." பொற்கொடி சிரிக்கிறாள். "எங்கம்மாவயா மெஷின் பிடிச்சிட்டு? ஜன்னல் வழியா ஒரு பார்வை பாத்தா பிட்டு வச்சிருக்க பிள்ளை தானா எடுத்துக் குடுத்துரும்." பிறகு என் முகத்தைப் பார்க்கிறாள். எதிரே நிற்கிறாள், நன்றாகத் தெரிகிறாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, இரவெல்லாம் தூங்கவில்லை போலும். சிரிப்பு நின்றுவிடுகிறது. "ஏம்மா, தெரியலேன்னா விட்ர வேண்டியதுதானே? ஏன் அமுக்குன?" வலக்கண்ணில் ஒட்டிய வில்லையின் ஓரத்தைத் தடவுகிறேன். "அந்த மீன்காரம்மா நிசமாவே குறுக்க வந்தாளா?" வந்தாள் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. குடிக்கத் தண்ணீர் கொடு என்றேன். குடித்தேன். "ஏளா, வெளிய போய் இரு. கதவைச் சாத்து" என்றேன், வகுப்புக்குள் எட்டிப்பார்க்கும் பெற்றோரிடம் சொல்லும் குரலில். போனாள்.

மறுபடி குழி, மறுபடி பட்டை, மறுபடி புள்ளி. இப்போது பொறி எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிட்டது. ஓசை வந்த உடனே அழுத்தாமல், ஒன்று விட்டு ஒன்று, சிலசமயம் இரண்டு விட்டு ஒன்று, கொஞ்சம் தயங்கி அழுத்தினால் எந்த இயந்திரமும் ஏமாறும்; பாதி தெரியாவிட்டாலும் இயல்புதான் என்று அவளே சொன்னாள், பாதியைத் தெரிந்ததாக வைத்துக்கொள்கிறேன். என்னால் முடியும். எத்தனை பிள்ளைகளின் தந்திரங்களை அறிந்தவள் நான். ஓசை. வலப்பக்கம் வெளிச்சம், அழுத்தினேன், இது உண்மை. ஓசை. ஒன்றும் இல்லை. விரல் பொத்தானின் மேல் இருக்கிறது. அழுத்தினால் தெரு என்னுடையது. இடப்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது, எப்போதும்போல் குறைவின்றி வெள்ளையாக இருக்கிறது. இந்த வெள்ளையில் இப்போது ஒரு வெளிச்சம் மின்னி அணைந்திருக்கும், இதே வெள்ளையில்தான் அவள் சருவத்தோடு நின்றாள், என் கண்ணைப் பார்த்தாள், டீச்சர் பார்த்துவிட்டார் என்று நம்பி ஓர் அடி எடுத்துவைத்தாள். கறுப்பாவது அங்கே ஏதோ இருந்து மறைகிறது என்று சொல்லும். இந்த வெள்ளை எதையும் சொல்லாது. இல்லாத இடத்தைத் தெருவைப்போலவே, பழக்கடையைப்போலவே, வெயிலைப்போலவே எழுதி நிரப்பிவைத்து எனக்கு முழு மதிப்பெண் கொடுக்கும். இதுவரை எத்தனை பேரை இப்படி இல்லையென்று கடந்து போயிருக்கிறேன்? பாலத்தில்? பள்ளி விடுகிற நேரத்தில்? வண்டி நின்றதால் அவளுக்கு மணிக்கட்டோடு போயிற்று. ஓசை. ஒன்றும் இல்லை. விரலைப் பொத்தானிலிருந்து தூக்கி ஓரத்தில் வைத்துக்கொண்டேன். வெறுந்தாள், என் வாழ்நாளில் நான் கொடுக்காத வெறுந்தாள். ஓசை. இல்லை. பெருங்குடி, வலை, சதுரம் சதுரமாக வானம். ஓசை. இல்லை. எழுந்து ஓடிவிடலாம், நெற்றியை யாரும் கட்டிவைக்கவில்லை. தாடை குழியிலேயே இருக்கிறது. ஓசை. மேலே, மங்கலாக, உண்டு; அழுத்தினேன், அது எனக்கு மிச்சம் உள்ள நிலம். ஓசை. இல்லை. ஓசை. இல்லை. ஓசை. கண்ணில் நீர் கோத்து மஞ்சள் புள்ளி இரண்டாகிறது, சிமிட்டிக்கொள்கிறேன், மறுபடி ஒன்றாகிறது, அதையே பார்க்கிறேன். முதுகுக்குப் பின்னால் கதவு கொஞ்சமாகத் திறக்கிறது. "எப்படி இருக்கு சிஸ்டர்?" என்று பொற்கொடி கிசுகிசுக்கிறாள். ஓசை. இல்லை. விரல் அசையவில்லை. திரையிலிருந்து தலையைத் திருப்பாமலே பேசுகிறாள் போல, ரெஜினாவின் குரல் திருப்தியோடு வருகிறது: "இப்பத்தான் ஆச்சி ஒழுங்காப் பண்ணுதாவ."